அனுமதி இல்லாமல் உயிர் கொடுத்த காக்கை

"காக்கா தொட்டா காக்கா தொட்டதுதான்யா! அது எப்படி மந்திரவாதி தொட்டதா ஆகும்? உங்க வீட்டு நாய் என்னைக் கடிச்சா, நீங்களே கடிச்சதா நான் டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா?"

"தலைவரே, நாய்க்கு மந்திரம் தெரியாது. இது வேற கேஸ்."

"காக்காவுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

"மேற்படி காக்காவுக்குத் தெரியாது. அதை வச்சிருக்கிறவருக்குத் தெரியும். விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்லுது."

"விதிப் புத்தகத்தை நீங்க எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம்."

"ஒரே ஒரு வரி. அதையும் கண்ணாடி போடாம படிச்சிருக்கீங்க. நான் வேற என்ன சொல்ல?"

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் நானும் அக்காவும் அப்படியே நின்றுவிட்டோம். மேலே கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எங்கள் மன்றத்தின் தலைவரும் செயலாளரும், மேஜை மேல் கிடந்த ஒரு கறுப்புச் சோடா மூடியைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மூடிதான் காக்கை. அந்தக் காக்கையாக விளையாடுகிறவள் என் அக்கா.

அக்கா தன் கையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'நம்மளப் பத்திதான் பேசறாங்க. சத்தம் போடாம நில்லுடா.'

எங்கள் இரண்டு பேரில் சத்தம் போடக் கூடியவன் நான் ஒருவன்தான். அதனால் நானே வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கோர்வையாக எழுதிப் பழக்கமில்லை. முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அது குறை மாதிரி தெரிந்தால் நான் பொறுப்பில்லை.

நாங்கள் விளையாடுவது மேஜைக் கதை விளையாட்டு. ஐந்தாறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் வீரர், ஒருவர் திருடர், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கு ஒரு பாத்திரம். கதையைச் சொல்லி நடத்த ஒருவர் உண்டு. எங்களுக்கு அது ஒரு பல் டாக்டர் அம்மா. "குகைக்குள்ளே ஒரு ராட்சசன் நிக்கிறான், என்ன செய்யறீங்க?" என்று அவர் கேட்பார். நாம் சொல்வோம். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். சின்ன எண் விழுந்தால் நம் பாடு திண்டாட்டம். அவ்வளவுதான் விளையாட்டு. ஐம்பத்திரண்டு வயசில் இது என்ன கூத்து என்று என் மனைவி கேட்டாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் தினமும் வசவு வாங்குகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள் மந்திரவாதியாக இருக்க ஆசை வருவதில் தப்பென்ன என்று நான் கேட்டேன். அதோடு விட்டுவிட்டாள்.

மந்திரவாதிக்குத் துணைப்பிராணி ஒன்று உண்டு. அது பூனையாக இருக்கலாம், தேரையாக இருக்கலாம். என்னுடையது காக்கை. சில மந்திரங்களைத் தொட்டுத்தான் போட முடியும். அதற்கு விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: 'தொட்டுப் போட வேண்டிய மந்திரத்தை மந்திரவாதி தன் துணைப்பிராணி மூலமாகவும் போடலாம்.' மந்திரத்தை நான் சொல்வேன். காக்கை பறந்துபோய்த் தொடும். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை ரகளையும்.

அக்கா இருபத்தாறு வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு சொன்னவள். எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது என்று அவள் குரல் சொன்னால்தான் இந்த ஊர்க் கால்கள் நகரும். போன வருஷம் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வரும். கடைக்குப் போனால் குரல் போனவளுக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் கத்திப் பேசுவார்கள். ஒருத்தர் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாராம். அதோடு அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். ஏழு மாதம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வந்தால்தான் ஆயிற்று என்று நான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் அம்மா அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வாய் திறக்க முடியாத ஆட்களிடம் பேசுவதுதான் அவருக்குத் தொழில். "துணைப்பிராணியா விளையாடறீங்களா? எந்தப் பிராணி?" என்றார். அக்கா எழுதினாள்: 'காக்கா. இப்ப இருக்கிற குரலுக்கு அதுதான் பொருத்தம்.'

அன்றிலிருந்து நான் மந்திரம் சொன்னால் அவள் மூடியை நகர்த்திப் பகடையை உருட்டுவாள். வெள்ளிக்கிழமையே துணிக்கு இஸ்திரி போட்டுவிடுவாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அந்த ராட்சசன் வரும்வரை.

எங்கள் தலைவர் பதினோரு வருஷமாக ஒரே வீரராக விளையாடுகிறார். அந்த வீரருக்கு அவர் வைத்திருக்கும் பெயரும் பட்டங்களும், பெற்ற மகனுக்கு வைத்ததைவிட நீளம். அன்றைக்கு ராட்சசன் முன்னால் வாளை உருவிக்கொண்டு நின்று, அந்தப் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பட்டங்கள் மூன்று சுற்றுக்கு நீண்டன. நடுவில் என் முறை வந்தது. நான் மின்னல் மந்திரம் சொன்னேன், அக்கா மூடியை நகர்த்தினாள், உருட்டினாள், இருபது விழுந்தது. ராட்சசன் செத்தான். எல்லாரும் கை தட்டினோம். அக்கா சிரித்தாள். இரும்பில் ஆணியை இழுத்த மாதிரி ஒரு சத்தம். அறுவைக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தலைவர் ஆறாவது பட்டத்தில் நின்றார்.

அடுத்த சனிக்கிழமைதான் மேலே சொன்ன சண்டை.

நாங்கள் உள்ளே போனதும் செயலாளர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். பத்திரம் எழுதுவது அவர் தொழில். எதைப் பேசினாலும் 'மேற்படி' வரும். "மேற்படி துணைப்பிராணியின் தொடுதல் குறித்து விசாரிக்கத் துணைக்குழு அமைக்கப்படுகிறது" என்றார். எங்கள் மன்றத்தில் மொத்தம் பதினாலு உறுப்பினர்கள். குழுக்கள் பதினேழு இருந்தன. இதோடு பதினெட்டு.

"விளையாட வந்தமா, வாய்தா வாங்க வந்தமா?" என்று பேக்கரிக்காரர் முணுமுணுத்தார். அவர்தான் எங்கள் கூட்டத்தில் திருடர்.

விசாரணை தொடங்கியது. தலைவர் வேலையில் இருந்தபோது எடை அளவு ஆய்வாளர். ஓய்வு பெறும்போது மேஜையைத் திருப்பிக் கொடுத்தவர், அளக்கும் டேப்பை மட்டும் கொண்டுவந்துவிட்டார்.

"காக்கா எதால தொட்டுச்சு?" என்றார்.

"தொட்டுச்சு சார். அவ்வளவுதான்" என்றேன்.

"அவ்வளவுதான்னா? மூக்காலயா, நகத்தாலயா, இறகாலயா? மூக்கு கூர். அது வழியா மந்திரம் முழுசா இறங்கும். இறகு மெத்து. பாதிதான் இறங்கும். பாதி மந்திரத்துக்கு ராட்சசன் முழுசா செத்திருக்கான்னா, மீதி எங்கேருந்து வந்துச்சு?"

அக்கா பலகையில் எழுதித் தூக்கிக் காட்டினாள்: 'உங்க பேச்சைக் கேட்டே பாதி செத்துட்டான்.'

பேக்கரிக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். செயலாளர் எழுந்து நின்றார். "ஆட்சேபணை. மேற்படி பிராணிக்குப் பேச்சு கிடையாது. எழுதறதும் பேச்சுதான். பிராணியோட மனசு அதன் மந்திரவாதிக்கு மட்டும்தான் தெரியும்னு விதி. அதனால பலகையை இவருக்கு மட்டும் காட்டலாம். இவர், 'என் பிராணி இவ்வாறு நினைப்பதாக உணர்கிறேன்' அப்படின்னு முன்னுரை சொல்லி எங்களுக்குத் தெரிவிக்கலாம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுதி எனக்கு மட்டும் காட்டினாள். 'இந்த ஆள் தலையைத் திறந்து பாத்தா உள்ளே ரப்பர் ஸ்டாம்புதான் இருக்கும்.'

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"என் பிராணி," என்றேன், "செயலாளர் அவர்கள் தொழில்ல ரொம்ப ஊறினவர்னு நினைப்பதாக உணர்கிறேன்."

"நன்றி. குறிப்புல ஏத்திக்கிறேன்" என்றார் செயலாளர்.

அன்றைக்குத் தலைவர் ஒரு உரை ஆற்றினார். எனக்கு அது அப்படியே நினைவிருக்கிறது. "இந்த அம்மா மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் ஆய்வாளரா இருந்தவன் நான். தராசு பொய் சொல்லாது, தராசு பிடிக்கிறவன் சொல்லுவான். அதனால நான் யாரையும் நம்பினதில்ல. கடைக்காரனை நம்பல, கூட வேலை பாத்தவனை நம்பல. வீட்லயும் அப்படித்தான். சோத்தைக்கூட அளந்துதான் போடச் சொல்லுவேன். இப்ப எல்லாரும் தனித்தனியா சாப்பிடறாங்க. ஆனா ஒரு நாளும் அளவு தப்பினதில்ல. அந்த ஒழுங்கு இந்த மன்றத்துக்கும் வேணும்னுதான் நான் பாடுபடறேன்."

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் மட்டும் தட்டினார்.

மூன்றாவது வாரம் படிவம் மூன்று வந்தது. காக்கை யாரைத் தொடப்போகிறதோ, அவரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

பல் டாக்டர் அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயம் பட்டவனுக்கு மருந்து மந்திரம் போடறதுன்னா சரி. தாக்கறதுக்குமா? எந்த ராட்சசன் 'வாங்க, வந்து மின்னலை இறக்குங்க'ன்னு கையெழுத்து போடுவான்?"

"போடலைன்னா தாக்காதீங்க" என்றார் செயலாளர். "சம்மதம் இல்லாம ஒருத்தரைத் தொடறது நாகரிகமா?"

"தலைவரோட வீரர் வாளால வெட்டறாரே, அதுக்குச் சம்மதம்?"

"வாளுக்குப் படிவம் கிடையாது. வாள் பிராணி இல்ல."

டாக்டர் அம்மா படிவத்தைக் கீழே வைத்துவிட்டார். அறைச் சாவி செயலாளரிடம் இருந்தது. அன்றைக்கு வந்த பூதத்தின் சார்பில் செயலாளரே கட்டம் கட்டமாகப் பூர்த்தி செய்தார். பெயர்: பூதம். முகவரி: பாழுங்கிணறு. சம்மதமா: இல்லை. பூதம் எங்களை நன்றாக அடித்தது. காக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சார், கொஞ்சம் சந்தோஷமா விளையாட விடக் கூடாதா?" என்று நான் செயலாளரிடம் கேட்டே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார். "சந்தோஷமா விளையாடணும்னு விதியில எங்கேயும் இல்லையே. இருந்திருந்தா அதையும் கறாரா அமல்படுத்தியிருப்போம்."

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கதையில் நான் காக்கையை முன்னால் பறக்கவிட்டு, கோட்டைக்குள் எத்தனை காவலர்கள் என்று பார்த்துவரச் சொன்னேன். தலைவர் கையை உயர்த்தினார்.

"காக்கா கோட்டைக்குப் போயிடுச்சு. அப்ப இந்த அம்மா இங்க என்ன பண்றாங்க? நாம பேசறதெல்லாம் அவங்க காதுல விழுதே. கோட்டையில இருக்கிற காக்காவுக்கு நம்ம பேச்சு கேக்குமா?"

அப்படிப் பிறந்ததுதான் துணைவிதி ஒன்பது. தலைவரே தன் கைப்பட எழுதினார்: 'பாத்திரம் எங்கேயோ ஆட்டக்காரரும் அங்கேயே. பாத்திரம் எப்படியோ ஆட்டக்காரரும் அப்படியே.'

அக்காவின் நாற்காலியை வெளியே, நடைவழியில் போட்டார்கள். ஒரு பக்கம் தண்ணீர் கேன், இன்னொரு பக்கம் ஓடாத ஜெராக்ஸ் மெஷின். என் நெஞ்சிலிருந்து அவள் நெஞ்சுவரை தலைவர் டேப் பிடித்து அளந்தார். மந்திரவாதிக்கும் பிராணிக்கும் நடுவே நூறு அடிக்கு மேல் போகக் கூடாதாம். இருபத்திரண்டு அடி இருந்தது. "தாராளமா உள்ளே இருக்கு" என்று எனக்குச் சலுகை தந்த மாதிரி சொன்னார்.

திரும்பக் கூப்பிடுவதற்கும் வழி வகுத்தார்கள். விதிப்படி மந்திரவாதி பிராணியை மனசால்தான் கூப்பிடுவான். ஆகவே நான் வாயால் கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. நினைக்க மட்டும் செய்யலாம். சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளச் செயலாளர் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

நானும் நினைத்தேன். லிஃப்ட் கம்பியை இழுக்கிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். அக்கா வரவில்லை. எப்படி வருவாள்? மூன்று சனிக்கிழமை அவள் நடைவழியிலேயே இருந்தாள். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

அந்த மூன்றாவது சனிக்கிழமை படி இறங்கும்போது, "இனிமே வரவேணாங்க்கா. இவனுங்ககூட என்ன மல்லுக்கட்டு?" என்றேன்.

அவள் நின்று எழுதினாள். 'வீட்டுச் சுவருக்கு இந்தச் சுவர் மேல். நாலு பேர் குரலாவது கேக்குது. வர்றதை நிறுத்தினா மறுபடி கிளம்ப மாட்டேன்டா. என்னை எனக்குத் தெரியும்.'

அடுத்த வாரமும் கூட்டிக்கொண்டு போனேன்.

நாலாவது சனிக்கிழமை கோட்டைக்குள் புகத் தொடங்கினோம். அக்கா வழக்கம்போல் நடைவழியில். மாடத்தில் ஒரு விஷப் பாம்பு. தலைவரின் வீரர் வாளை உருவிப் பட்டங்களைத் தொடங்கினார். இந்தத் தடவை பாம்பு காத்திருக்கவில்லை. டாக்டர் அம்மா பகடையை உருட்டினார். இருபது.

"கடிச்சிடுச்சு சார்" என்று மெல்லச் சொன்னார். "உங்க வீரர் நினைவு தப்பி விழுந்துட்டார். இனி ஒவ்வொரு சுத்துக்கும் உருட்டுவேன். மூணு தடவை பத்துக்குக் கீழே விழுந்தா உயிர் போயிடும்."

தலைவர் முகம் வெளுத்துவிட்டது. பதினோரு வருஷத்து வீரர். "இருங்க, இருங்க. ஒரு நிமிஷம். இதுக்கு என்ன வழின்னா..."

"தலைவரே," என்று செயலாளர் கதவோரத்திலிருந்து எழுந்தார். "நீங்க பேசக் கூடாது. நினைவு தப்பிட்டீங்க."

"நான் எங்கேய்யா தப்பினேன்? வீரர்தான் தப்பினார்."

"துணைவிதி ஒன்பது. பாத்திரம் எப்படியோ ஆட்டக்காரரும் அப்படியே. மேற்படி விதி உங்க கையெழுத்துலதான் இருக்கு. காக்காவுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

தலைவர் வாயைத் திறந்தார். செயலாளர் துணைவிதிப் புத்தகத்தைத் திறந்தார். தலைவர் வாயை மூடினார்.

டாக்டர் அம்மா உருட்டினார். நாலு.

"மருந்து மந்திரம் இருக்கு" என்றேன். "ஆனா நான் இன்னும் கோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். எட்டாது. காக்கா போகும்."

"அப்ப கூப்பிடுங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"மனசாலதானே கூப்பிடணும்?"

"மனசாலதான்" என்றார் செயலாளர்.

கண்ணை மூடிக்கொண்டு நினைத்தேன். அக்கா வா, அக்கா வா. தலைவர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து தன் நெற்றியில் குத்திக் குத்திக் காட்டினார். இன்னும் அழுத்தி நினை என்று அர்த்தம்.

"நல்லா நினைங்க லிஃப்டுக்காரரே" என்றார் பேக்கரிக்காரர். "மொட்டை மாடிக்கே கேக்கிற மாதிரி நினைங்க."

டாக்டர் அம்மா உருட்டினார். ஏழு. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

தலைவர் தொண்டையைப் பிடித்துக் காட்டினார், நெஞ்சைத் தொட்டார், கதவைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார்? தண்ணியா? தண்ணி வேணுமா?" என்று பேக்கரிக்காரர் அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினார். முப்பத்திரண்டு வருஷம் கடைகடையாக அதட்டியவர், கையை ஆட்டி ஆட்டிக் கண் கலங்கி நின்றார்.

அப்போது கதவு திறந்தது. அக்கா.

எப்படி வந்தாள் என்று பிறகு கேட்டேன். 'தலைவர் குரல் மூணு நிமிஷமா கேக்கல. யாரோ செத்துட்டாங்கன்னு பாக்க வந்தேன்' என்று எழுதினாள்.

செயலாளர் வழி மறித்தார். "நினைப்பு வந்து சேந்துச்சா?"

அக்கா கூசாமல் தலையாட்டினாள். அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அவள் மேஜைக்கு வந்து, கையை ஆட்டிக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் பலகையைத் துடைத்து, பேனாவோடு அவரிடம் நீட்டினாள். இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பலகையை அவள் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. என்னிடம்கூட.

தலைவர் வாங்கி எழுதினார். 'காப்பாத்துங்கம்மா.'

"ஆட்சேபணை! நினைவு தப்பினவர் எழுத முடியாது" என்றார் செயலாளர்.

நான் மந்திரத்தைச் சொல்லிவிட்டேன். அக்கா மூடியை வீரர் மேல் வைத்து உருட்டினாள். பதினேழு.

"எழுந்துட்டார்!" டாக்டர் அம்மா தன்னை மறந்து கை தட்டினார். "சார், உங்க வீரர் கண்ணைத் தொறந்துட்டார்! பேசுங்க, இப்ப பேசலாம்!"

தலைவர் மூச்சை இழுத்துவிட்டார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உயிர் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் காதால் கேட்டேன்.

"படிவம் மூணு வாங்கினீங்களா?"

டாக்டர் அம்மா பகடையைக் கீழே வைத்தார்.

"வாங்கலை" என்றார் செயலாளர், திருப்தியாக.

"அப்படின்னா இந்தத் தொடுதல் செல்லுமான்னு ஓட்டுக்கு விடணும்."

"சார், பொழைச்சிட்டீங்க. விடுங்க சார்" என்றார் பேக்கரிக்காரர்.

"அது எப்படி விடறது? நாளைக்கு இதையே காட்டி யார் வேணா யாரை வேணா காப்பாத்திட்டுப் போயிடுவாங்க. முன்னுதாரணம் ஆயிடும்."

மேஜையில் இருந்தவர்களுக்குள் ஓட்டெடுப்பு நடந்தது. நான் சம்பந்தப்பட்டவன் என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. அக்கா பிராணி என்பதால் அவளுக்கும் இல்லை. டாக்டர் அம்மாவும் பேக்கரிக்காரரும் செல்லும் என்றார்கள். செயலாளர் செல்லாது என்றார். தலைவரும் செல்லாது என்று கையைத் தூக்கினார். இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அதையும் தனக்கு எதிராகவே போட்டார். கடித்த பாம்பு ஒரு தடவைதான் கடித்தது. அவர் தன்னை இரண்டு தடவை கொன்றுகொண்டார்.

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அழுதார். பதினோரு வருஷம். எனக்கே பாவமாக இருந்தது. அக்கா தன் கைக்குட்டையை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டார். அதற்குப் படிவம் எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை தபாலில் கடிதம் வந்தது. என் பெயருக்கு. பிராணிக்கு நேரடியாகக் கடிதம் போட விதி இல்லையாம்.

'மேற்படி காக்கையாகிய ஆட்டக்காரர், உரிய படிவமின்றி மன்ற உறுப்பினர் ஒருவரை உயிர்ப்பித்த குற்றம் ஐயமற நிறுவப்பட்டது. உயிர்ப்பிக்கப்பட்டவரே சாட்சியம் அளித்துள்ளார். ஆகவே மேற்படியார் ஓராண்டுக்கு மன்றத்தின் அறை, படிக்கட்டு, நடைவழி ஆகிய எதிலும் பிரவேசிக்கக் கூடாது. வரும் சனிக்கிழமை நடைபெறும் வீரருக்கான இரங்கல் கூட்டத்தில் மட்டும் விருந்தினராகக் கலந்துகொள்ளலாம். அமைதி காக்கப்பட வேண்டும்.'

கையெழுத்து தலைவருடையது. பேருக்குக் கீழே ஒரு வரி: 'தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை.'

அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். எதுவும் எழுதவில்லை. எழுதித் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை இஸ்திரிப் பெட்டியை எடுக்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். நானும் மன்றத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். பலகை அலமாரி மேல் கிடந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையாட்டினாள், அவ்வளவுதான்.

போன வாரம் டாக்டர் அம்மா போன் செய்தார். "நானும் விலகிட்டேன். பேக்கரிக்காரரும் வர்றேங்கறார். கதை சொல்ல நான் ரெடி. இடம் மட்டும் பாருங்க. என் கிளினிக்ல வேணாம், ஒருத்தர் பல்லைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தும்போது மந்திரம் சொன்னா நல்லா இருக்காது."

நான் அக்காவிடம் சொன்னேன். "நம்ம வீட்லயே விளையாடலாங்க்கா. மேஜை இருக்கு."

அவள் எழுந்து போய் அலமாரி மேலிருந்து பலகையை எடுத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதினாள். 'வீட்ல வேணாம். செருப்பைப் போட்டுக்கிட்டு எங்கேயாவது போகணும். போனா எனக்கு ஒரு நாற்காலி இருக்கணும்.'

அதனால்தான் இந்த இணையக் குழுவில் இதை எழுதுகிறேன். இங்கே நிறையப் பேர் விளையாடுகிறீர்கள். உங்கள் பக்கத்தில் சனிக்கிழமை மத்தியானம் சும்மா கிடக்கிற ஒரு அறை இருந்தால் சொல்லுங்கள். நூலகமோ, பள்ளிக்கூடமோ, யார் வீட்டு முன்னறையோ, எதுவானாலும் சரி. ஒரு மேஜை, நாலு நாற்காலி. நாலும் ஒரே அறைக்குள் இருந்தால் போதும். மாடியாக இருந்தாலும் பரவாயில்லை. லிஃப்ட் ஓடவில்லை என்றால் நானே வந்து சரி செய்துவிடுகிறேன். ஏற்கெனவே விளையாடுகிற கூட்டத்தில் ஒரு மந்திரவாதிக்கும் ஒரு காக்கைக்கும் இடம் இருந்தாலும் வருகிறோம்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, 'யாராவது பதில் போட்டாங்களாடா?' என்று எழுதிக் காட்டினாள். இன்னும் பதிவையே போடவில்லை என்றேன். நகராமல் நிற்கிறாள்.

இதோ போட்டுவிட்டேன். இடம் இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள். இல்லாதவர்களும் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்?